தொடாமல் விட்ட தோல்

முழங்காலில் ஏற்பட்ட சிராய்ப்பு பத்து நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிடும். அடுத்த மாதம் பார்த்தால் அடிபட்ட இடம் எது என்றே தெரியாது. அதே முழங்காலைக் கண்ணாடிச் சில்லு ஆழமாகக் கிழித்திருந்தால், அந்தக் கோடு ஆயுளுக்கும் நிற்கும். தோல் ஒன்றுதான், ஓடும் ரத்தமும் ஒன்றுதான். காயம் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதே தழும்பைத் தீர்மானிக்கிறது.

முகத்தில் மேல்தோலின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் கீழே கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும் அடித்தோல். மயிர்க்கால்களும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அந்த அடித்தோலுக்குள் இறங்கி நிற்கின்றன. அவற்றின் சுவர்களில் புதுத் தோலை உண்டாக்கும் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. மேல்தோல் முழுவதும் உரிந்துபோனாலும் ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் புதிய செல்கள் மேலேறி வந்து, பக்கவாட்டில் பரவி, ஒன்றோடொன்று கைகோத்துப் புண்ணை மூடிவிடும். காயம் மயிர்க்கால்களையும் அழித்துக்கொண்டு இறங்கினால், மூடுவதற்கு ஆள் இல்லை. உடல் அவசர அவசரமாகக் கொலாஜனைக் கொட்டிப் பள்ளத்தை அடைக்கிறது. அப்படி அடைத்த இடத்தில் இழைகள் ஒரே திசையில் இறுகிக் கிடக்கும். முடி முளைக்காது, வியர்க்காது. அதைத்தான் தழும்பு என்கிறோம்.

சுருக்கத்தையும் தழும்பையும் போக்குவதற்காகத் தோலைப் புதுப்பிக்கும் சிகிச்சைகள் அத்தனையும் இந்த எல்லைக்கோட்டின் மீதே நடக்கின்றன. பழைய தோலை அகற்ற வேண்டும், அடித்தோலைத் தூண்டிப் புதுக் கொலாஜன் வைக்கச் செய்ய வேண்டும், ஆனால் புதிய தழும்பு உண்டாகும் ஆழத்துக்குப் போய்விடக் கூடாது. ஒரு நூற்றாண்டு காலமாக மருத்துவர்கள் இந்தக் கோட்டைத் துல்லியமாகத் தொடக் கற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஜெர்மானியத் தோல் மருத்துவர் எர்ன்ஸ்ட் க்ரோமயர் 1905இல் சுழலும் கருவிகளைக் கொண்டு தழும்புள்ள தோலைச் செதுக்கிக் காட்டினார். அடித்தோலின் மேற்பகுதியோடு நிறுத்திக்கொண்டால் வடு விழாது என்பதை அவர் அப்போதே கவனித்திருந்தார். 1953இல் நியூயார்க்கைச் சேர்ந்த அப்னர் கர்டின், தோலைக் குளிரவைத்து மரத்துப்போகச் செய்து, வேகமாகச் சுழலும் கம்பித் தூரிகையால் தேய்க்கும் முறையை வெளியிட்டார். இன்னொரு பக்கம் ஃபீனால் போன்ற ரசாயனங்களைப் பூசித் தோலை உரிக்கும் வழியும் இருந்தது. ஃபீனால் ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கக்கூடியது. அதனால் முகம் முழுவதும் அதைப் பூசும்போது இதயத்துடிப்பைக் காட்டும் கருவியைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முறைகளிலும் ஆழம் என்பது மருத்துவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஒரே முகத்தில் கன்னத்தில் குறைவாகவும் தாடை எலும்பின் மேல் அதிகமாகவும் இறங்கிவிடும் அபாயம் எப்போதும் இருந்தது.

1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். மாணிக்கப் படிகத்திலிருந்து 694 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சின்சினாட்டி பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அந்த ஒளியை மனிதத் தோலில் சோதிக்கத் தொடங்கிவிட்டார். ஆனால், தோலின் மேற்பரப்பைச் சீவி எடுக்க உதவிய ஒளி மாணிக்கத்திலிருந்து வரவில்லை. மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த சந்திர குமார் பட்டேல் 1964இல் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு ஒரு லேசரை உருவாக்கினார். அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அது. தண்ணீர் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால், அந்தக் கதிர் 20, 30 மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே முழுவதும் உறிஞ்சப்பட்டு, அங்குள்ள நீரை நொடிப்பொழுதில் ஆவியாக்கிவிடும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத ஆழம் அது.

காகிதத்தில் பார்த்தால் தோல் மருத்துவருக்கென்றே செய்த கருவி போலத் தெரியும். இருந்தும் அது முகச் சுருக்கத்துக்குப் பயன்பட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

காரணம் வெப்பம். தொடக்ககாலக் கருவிகளில் கதிர் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். மேலே ஆவியாகும் அதே நேரத்தில் சூடு கீழே கசிந்து, சுற்றியுள்ள நல்ல தோலை அரை மில்லிமீட்டர் வரைகூட வேகவைத்துவிடும். ரத்தம் சிந்தாமல் வெட்டும் கத்தியாக அறுவை மருத்துவர்கள் அதை விரும்பினார்கள். இஸ்ரேலின் ஐசக் கப்லன் 1970களில் அந்த வழியில் முன்னோடியாக இருந்தார். ஆனால் முகத்தைப் புதுப்பிக்க அதை நம்ப முடியவில்லை. எடுத்த தோலைவிட வெந்த தோல் அதிகமாக இருந்தது.

விடை வேறொரு நோயைத் தேடிப் போனவர்களிடமிருந்து வந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் இருவரும் குழந்தைகளின் முகத்தில் பிறவியிலேயே வரும் செந்நிறப் படையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படைக்குக் காரணமான நுண்ணிய ரத்தக் குழாய்களை மட்டும் அழித்து, மற்றத் தோலை விட்டுவைக்க வழி உண்டா? 1983இல் சயின்ஸ் இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இரண்டு நிபந்தனைகளை வைத்தது. அழிக்க வேண்டிய பொருள் மட்டும் அதிகம் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொருள் சூடேறி ஆறுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் ஒளியைக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். சூடு பக்கத்தில் பரவ அவகாசமே கிடைக்காது. எளிய எண்ணம்தான். ஆனால் இன்று தோல் மருத்துவத்தில் புழங்கும் லேசர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு நிபந்தனைகளின் மேல்தான் நிற்கின்றன. லேசர் மருத்துவ வரலாற்றில் எந்தக் கருவியையும்விட இந்தச் சில பக்கங்களே பெரிய திருப்பம்.

கார்பன் டை ஆக்சைடு கதிர் தாக்கும் மெல்லிய அடுக்கு ஆறுவதற்கு ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. அதற்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 ஜூல் ஆற்றலைக் கொடுத்தால் தோல் ஆவியாகும், கீழே பெரிதாக வேகாது. 1990களின் தொடக்கத்தில் இப்படித் துடித்துத் துடித்து ஒளி தரும் கருவிகளும், கதிரை வேகமாக நகர்த்தி எந்த இடத்திலும் நிற்கவிடாத கருவிகளும் வந்தன. முகத்தைப் புதுப்பிக்கும் லேசர் சிகிச்சை அமெரிக்காவில் பெருகியது.

சிகிச்சை நடக்கும்போது மருத்துவருக்கு வழிகாட்டியது நிறம். முதல் முறை கதிரை ஓட்டியதும் மேல்தோல் வெண்மையாக உலர்ந்து எழும்பும். ஈரத் துணியால் துடைத்தால் அடியில் இளஞ்சிவப்பு அடித்தோல் தெரியும். அடுத்தடுத்த சுற்றில் தோல் கண்ணெதிரே சுருங்கி இறுகும். வெளிர் மஞ்சள் தட்டினால் நிறுத்திக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் உலோகக் கவசம் வைக்க வேண்டும். ஆவியாகும் தோலின் புகையில் வைரஸ் துணுக்குகள் இருக்கக்கூடும் என்பதால் புகை உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும்.

பலன் அசாதாரணமாக இருந்தது. வெயிலில் பழுத்து, வாயைச் சுற்றிக் கோடுகள் விழுந்த முகங்கள் தெளிந்தன. கொலாஜன் இழைகள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சுருங்குகின்றன. அந்தக் காயத்தை ஆற்ற வந்த செல்கள் அடுத்த பல மாதங்களுக்குப் புதுக் கொலாஜனை நெய்துகொண்டே இருக்கின்றன. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்தும் முகம் மாறிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

கொடுத்த விலையும் பெரிது. முகம் முழுவதும் தோலில்லாத புண்ணாக ஒரு வாரமோ இரண்டு வாரமோ நீர் கசியும். சிவப்பு மறைய மாதக்கணக்காகும். உடலில் ஒளிந்திருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் விழித்துக்கொண்டால் திறந்த முகம் முழுக்கப் பரவிவிடும். அதனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. இதைவிட வருத்தம் தந்த விளைவு தாமதமாக வந்தது. எல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்று நினைத்திருந்த சிலருக்கு, பல மாதங்கள் கழித்து முகம் வெளுத்துப்போனது. தாடையில் ஒரு கோடு விழுந்ததுபோல் மேலே ஒரு நிறம், கழுத்தில் வேறு நிறம். அவர்களில் பலருக்குப் போன நிறம் திரும்பவே இல்லை. கழுத்தையும் சேர்த்துச் செய்யலாமே என்றால், அங்கே மயிர்க்கால்கள் குறைவு. முகம் தாங்கிய அளவைக் கழுத்துக்குக் கொடுத்தபோது நிரந்தரத் தழும்புகள் விழுந்தன.

எர்பியம் யாக் என்ற லேசர் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. அதன் 2,940 நானோமீட்டர் அலைநீளத்தைத் தண்ணீர் இன்னும் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சும். ஆகவே மிக மெல்லிய படலமாகச் சீவும், வெப்பம் மிகக் குறைவாகவே மிஞ்சும். புண் சீக்கிரம் ஆறியது. ஆனால் அந்த வெப்பமே கொலாஜனை இறுக்கியது என்பதால், பலனும் சற்றுக் குறைந்தது.

புண் ஆறுவதைப் பற்றி வேறு விதமாக யோசித்தவர் மறுபடியும் ஆண்டர்சன்தான். 2004இல் டீட்டர் மான்ஸ்டைனும் அவரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோலின் மேற்பரப்பு முழுவதையும் ஏன் தொட வேண்டும்? முடியளவு அகலமுள்ள, ஆழமான, தனித்தனிப் புள்ளிகளாகக் காயப்படுத்திவிட்டு, இடையில் உள்ள தோலை முழுசாக விட்டுவிட்டால் என்ன? மார்கழி மாத வாசலில் வைத்த கோலப்புள்ளிகளை நினைத்துக்கொள்ளலாம். புள்ளி சின்னது, புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றுத்தரை பெரியது, கோடு ஓடுவதெல்லாம் அந்த வெற்றுத்தரையில்தான். தோலிலும் அப்படியே: ஒவ்வொரு காயப்புள்ளியையும் சுற்றி நல்ல செல்கள் நாலு பக்கமும் நிற்கின்றன. அவை நகர வேண்டிய தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 24 மணி நேரத்துக்குள் மேல்தோல் மூடிக்கொண்டது.

மயிர்க்கால்களை மட்டும் நம்பியிருந்த பழைய கணக்கு இங்கே மாறிவிட்டது. ஆறும் செல்கள் கீழிருந்து ஏறி வர வேண்டியதில்லை, பக்கத்திலேயே காத்திருக்கின்றன. ஆகையால் முன்பு நினைத்தே பார்க்க முடியாத ஆழத்துக்கும் கழுத்து, புறங்கை போன்ற இடங்களுக்கும் கவனத்தோடு போக முடிந்தது. முதலில் வந்த கருவி 1,550 நானோமீட்டர் ஒளியால் தோலைத் துளைக்காமல் உள்ளே மட்டும் வேகவைத்தது. வெந்த துணுக்குகள் சில நாட்களில் பழுப்புத் துகள்களாக மேலே வந்து உதிர்ந்தன. சில ஆண்டுகளில் கார்பன் டை ஆக்சைடு கதிரையே இப்படிப் புள்ளிகளாகப் பிரித்து, உண்மையான நுண்துளைகளைப் போடும் கருவிகளும் வந்தன. ஒரே அமர்வில் தொடும் பரப்பு குறைவு என்பதால், வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் செய்ய வேண்டும். இன்று சென்னை முதல் கொழும்பு வரை தோல் மருத்துவமனைப் பலகைகளில் ஃப்ராக்‌ஷனல் லேசர் என்று எழுதியிருப்பது இந்த முறைதான்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய பகுதி இது. லேசர் ஆய்வுகளின் முதல் அத்தியாயங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எழுதப்பட்டவை. ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையைக் கொண்டு வகைப்படுத்தியபோது, பழுப்புக்கும் கறுப்புக்குமான 5, 6ஆம் வகைகள் அந்தப் பட்டியலில் இல்லை, பிறகுதான் சேர்ந்தன. நம்மவர்களில் பெரும்பாலோர் 4, 5ஆம் வகைகளில் வருவார்கள்.

கார்பன் டை ஆக்சைடு கதிருக்கு, தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒரு பொருட்டில்லை. அது தண்ணீரைத்தான் தேடுகிறது. அப்படியென்றால் தோலின் நிறம் ஏன் கவலை தர வேண்டும்? கதிர் நிறத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அது விட்டுச்செல்லும் வெப்பத்துக்கும் வீக்கத்துக்கும் நிறச் செல்கள் பதில் சொல்கின்றன. மாநிறத் தோலிலும் வெள்ளைத் தோலிலும் அந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மாநிறத் தோலில் அவை சுறுசுறுப்பானவை. சின்ன எரிச்சலுக்கும் நிறத்தைக் கொட்டிவிடும். கொசுக்கடி ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்திருப்பதை யாரும் பார்த்திருக்கலாம். லேசரும் ஒரு காயம்தான். பருத்தழும்பு போகட்டும் என்று வந்தவருக்குக் கன்னமெங்கும் கரும்புள்ளிகள் கட்டம் கட்டமாக எழுந்தால், நிலைமை வந்தபோது இருந்ததைவிட மோசம்.

ஹாங்காங்கில் ஹென்றி சானும் சகாக்களும் 2007இல் சீன நோயாளிகளிடம் இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது பயனுள்ளது: கறுத்துப்போவதைத் தீர்மானிப்பதில் ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுக்கும் ஆற்றலைவிட, புள்ளிகளின் நெருக்கத்துக்கே முக்கியப் பங்கு. ஆழமாகப் போகலாம், நெருக்கமாகப் போகக் கூடாது. மாநிறத் தோலைக் கையாளும் மருத்துவர்கள் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பதும், அமர்வுகளை அதிகமாக்கி இடைவெளியை நீட்டுவதும் இந்தப் புரிதலால்தான். காதுக்குப் பின்னாலோ தாடை ஓரத்திலோ சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் காத்திருப்பது நல்ல பழக்கம். அதைச் செய்யாமல் முதல் நாளே முகம் முழுவதும் ஓட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

மங்கு உள்ளவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் அந்தக் கருமை வெப்பத்தையும் வெளிச்சத்தையும் கண்டால் கிளர்ந்தெழும். லேசர் போட்ட சில வாரம் தெளிந்து, பிறகு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும் மங்கு தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெயிலைத் தவிர்ப்பது, சன்ஸ்கிரீன் பூசுவது எல்லாம் சம்பிரதாயம் அல்ல. சித்திரை, வைகாசி வெயிலில் தினமும் இருசக்கர வண்டியில் போகிறவர், முடிந்தால் சிகிச்சையை மழைக்காலத்துக்குத் தள்ளிப்போடலாம்.

வலிக்காமல் இருக்கப் பூசும் களிம்பையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. லேசர் முடிநீக்கத்துக்கு முன் கால்கள் முழுவதும் அடர்த்தியான மரத்துப்போகும் களிம்பைப் பூசி, பிளாஸ்டிக் உறையால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007இல் எச்சரிக்கை வெளியிட்டது. பரந்த இடத்தில் பூசி மூடி வைத்தால் மருந்து ரத்தத்தில் கலந்து வலிப்பையும் இதய நிறுத்தத்தையும் கொண்டுவரும். எவ்வளவு இடத்தில், எத்தனை கிராம், எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவதும், தப்பானால் உயிரைக் காப்பதும் மருத்துவரின் வேலை. அழகு நிலையத்தின் வேலை அல்ல.

பருத்தழும்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும், அவை ஒன்றல்ல. குறுகலாக, ஆழமாக இறங்கும் குழிகள் ஒரு வகை. அகலமாக, செங்குத்தான விளிம்போடு இருப்பவை இன்னொரு வகை. அடியிலுள்ள நார்கள் தோலைக் கீழே பிடித்து இழுப்பதால் அலை அலையாகப் பள்ளம் விழுந்தவை மூன்றாவது. முதல் வகைக்கு லேசர் பெரிதாக உதவாது. குழிக்குள் மட்டும் அடர்ந்த அமிலத்தைத் தொட்டுவைப்பதோ, குழியையே சிறு வட்டக் கத்தியால் எடுத்துத் தைப்பதோ மேல். மூன்றாவது வகைக்கு ஊசியை உள்ளே விட்டு நார்களை அறுத்துவிட வேண்டும். நார் இழுத்துக்கொண்டிருக்கும்வரை மேற்பரப்பை எத்தனை தரம் புதுப்பித்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். லேசரின் முழுத் திறமையும் ஆழம் குறைந்த இரண்டாம் வகையில்தான் தெரிகிறது. சுருக்கத்திலும் இதே கதை: வெயிலால் வந்த நுண்கோடுகள் நன்றாகக் குறையும், தசை இழுப்பால் வரும் நெற்றிக்கோடு லேசருக்குக் கட்டுப்படாது, தொங்கிய கன்னத்தை அது தூக்கி நிறுத்தாது. புதுக் கொலாஜன் படிய மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும் என்பதால், முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் வருகிறவருக்குச் சிவப்பும் கறுப்பும்தான் கிடைக்கும். பொறுப்புள்ள மருத்துவர் அப்போது மறுத்துவிடுவார்.

இத்தனையும் தோற்றத்தைப் பற்றியவை என்று ஒதுக்குகிறவர்கள், சான்டியாகோ கடற்படை மருத்துவ மையத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் குண்டுவெடிப்பில் சிக்கிய வீரர்கள் அங்கே வந்தார்கள். தீக்காயத் தழும்பு இறுகி முழங்கையை நீட்ட முடியாதவர்கள், விரலை மடக்க முடியாதவர்கள், செயற்கைக் காலின் உறையில் தழும்பு உரசி உரசிப் புண்ணாகிறவர்கள். தோல் மருத்துவர் பீட்டர் ஷுமேக்கரும் குழுவினரும் அந்தத் தழும்புகளில் கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகளைப் போட்டார்கள். தடித்த தழும்பில் 4 மில்லிமீட்டர்வரை இறங்கக்கூடிய கதிர்கள். ஆனால் தொட்டது பரப்பில் 5 சதவீதம் அளவுக்கே. 2012இல் அவர்கள் வெளியிட்ட அனுபவம், தழும்பு நெகிழ்ந்து மூட்டுகள் அசையத் தொடங்கியதைச் சொன்னது. 2014இல் ஆண்டர்சன் உள்ளிட்ட நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, காயத் தழும்புகளுக்கு இந்தச் சிகிச்சை போதுமான அளவு பயன்படுத்தப்படுவதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. பல ஆண்டு பழைய தழும்பும் இதற்கு இணங்குகிறது என்பது தழும்பு மருத்துவத்தின் பழைய நம்பிக்கையைப் புரட்டிப்போட்ட செய்தி. ஒருமுறை இறுகிய கொலாஜன், சிறுசிறு துளைகளாகக் கலைக்கப்பட்டதும் தன்னைத் திரும்ப அடுக்கிக்கொள்கிறது.

அந்தத் துளைகளுக்கு இப்போது இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. தோலின் வெளியடுக்கு மருந்துகளை எளிதில் உள்ளே விடாது. களிம்பில் பூசுவதில் சிறு பகுதியே உள்ளே போகும். கோபன்ஹேகனைச் சேர்ந்த மெரெட்டே ஹேடர்ஸ்டாலும் சகாக்களும் 2010இல், லேசர் துளைகள் வழியாக மருந்து ஆழமாக இறங்குவதைப் பன்றித் தோலில் காட்டினார்கள். தடித்த தழும்பில் துளை போட்ட கையோடு ஸ்டீராய்டு திரவத்தைச் சொட்டிப் பரப்புவது அதன்பின் பல இடங்களில் வழக்கமாயிற்று. தழும்புக்குள் ஊசி போடுவது எவ்வளவு வலிக்கும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். லேசரால் மட்டும் குறைத்தால் திரும்பவும் வளரும் கீலாய்டு என்னும் புடைத்த தழும்புகளுக்கும் இந்தக் கூட்டுச் சிகிச்சை முயலப்படுகிறது. துளைகள் சீக்கிரமே அடைபட்டுவிடும் என்பதால் மருந்தை உடனே கொடுக்க வேண்டும். தோலின் காவல் திறந்திருக்கும் அந்த நேரத்தில், மேலே பூசுவதற்கென்று தயாரான சாதாரண அழகுக் களிம்பு எதையும் தொடவிடக் கூடாது. கிருமி நீக்கிய மருந்து மட்டுமே உள்ளே போகலாம்.